கமக்காரரும் சிறுநீர்ப் பரிசோதனையும்

நெற்பயிரின் அடியிலை மஞ்சளிக்கும்போதே நைதரசன் குறைவு கண்ணுக்குப் புலனாகின்றது. ஆனால் அக்குறைவு மண்ணில் அதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. பயிர் குறி காட்டும்வரை பார்த்திருந்து பசளையிடுபவரிலும், விதைக்குமுன் மண்ணைச் சோதிப்பித்து அதற்கேற்பப் பசளையிடுபவர் கூடிய பயனைப் பெறுகின்றார். மனித உடலிலும் இத்தகைய உறுப்பொன்று உண்டு. அது சிறுநீரகம். அதன் தொழில் பாதியாகக் குறைந்த பின்னரும் ஒருவர் வழக்கம்போல் உண்டு, உறங்கி, வயலுக்குச் சென்று வருதல் கூடும். நோவு இராது; காய்ச்சலும் இராது. முகமும் காலும் வீங்கி, உணவில் வெறுப்புண்டாகி, களைப்பு மேலிட்டு அவர் வைத்தியசாலையை நாடும்போது, இழந்த தொழிலை மீட்டல் இயலாததாகின்றது. இவ்வாறு மறைந்து வளரும் நோயை முன்கூட்டியே அறிதற்குச் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிப்பதே வழியாகும். இச்சோதனைகள் எவை, அவை எதனைக் காட்டும், எதனைக் காட்டமாட்டா என்பன இங்கே விளக்கப்படுகின்றன.

உலர் வலயத்திற் காணும் நோய்

நாட்பட்ட சிறுநீரக நோய் உலகெங்கும் உள்ளது. நீரிழிவும் உயர் இரத்த அமுக்கமுமே அதற்குப் பெரும்பாலும் காரணமாயுள்ளன. ஆனால் 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாண வைத்தியசாலைகளுக்கு வந்த சிறுநீரக நோயாளர் பலரிடம் இவ்விரு நோய்களும் காணப்படவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் நெல்லும் சேனைப் பயிரும் செய்யும் கமக்காரராயிருந்தனர். மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய ஆகிய பகுதிகளிலும், ஊவா மாகாணத்துக் கிராந்துருக்கோட்டையிலும் இந்நோய் மிகுந்து காணப்பட்டது. பின்னர் வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களின் சில பகுதிகளிலும் நோயாளர் அறியப்பட்டனர். உலகச் சுகாதார தாபனமும் சுகாதார அமைச்சும் அநுராதபுரம், பொலநறுவை, பதுளை மாவட்டங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோய் மிக்க பகுதிகளிற் சோதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 15 முதல் 23 பேர் வரை இந்நோய்க்குட்பட்டிருந்தனர் என்று அவ்வாய்வு கூறிற்று.

இந்நோயின் காரணம் இன்னதென்று அறிஞர்கள் இன்னும் ஒருமனதாக முடிவு செய்யவில்லை. கிணற்று நீரின் வன்மையும் புளோரைட்டும், கட்மியம் முதலிய உலோகங்கள், பீடைநாசினிகள், கடும் வெயிலில் நீரருந்தாது உழைத்தல், எலிக்காய்ச்சல் போன்ற தொற்றுக்கள் ஆகியவற்றுட் பல ஒருங்கு சேர்ந்து தாக்கலாம் என்று கருதப்படுகின்றது. இதையொத்த நோய், மத்திய அமெரிக்காவில் எல்சல்வடோர், நிகரகுவா ஆகிய நாடுகளிற் கரும்பு வெட்டும் தொழிலாளரிடையிலும், இந்தியாவில் ஆந்திர நாட்டின் உத்தானம் பகுதிக் கமக்காரரிடையிலும் காணப்படுகின்றது. வெப்பமிக்க நிலத்தில் உடலை வருத்தி உழைப்பவர்கள் என்பதே இவர்கள் யாவர்க்கும் பொதுவான தன்மை. காரணம் தெளிவாகும்வரை கமக்காரர் காத்திருத்தல் தகாது. நோய் உண்டோ இல்லையோ என்பதை அறிதற்குக் காரணம் தெரிந்திருத்தல் வேண்டியதில்லை.

சிறுநீரகத்தின் தொழில்

சிறுநீரகங்கள் இரண்டு. ஒவ்வொன்றும் மூடிய கையளவினது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிப்பான்கள் உள. ஒவ்வொரு வடிப்பானும் இரு பாகங்களையுடையது. முதலாவது, இரத்தத்தை வடிக்கும் சல்லடை. இரண்டாவது, வடிந்த நீரை ஏந்திச் செல்லும் சிறு குழாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீர் சல்லடைகளால் வடிகின்றது. குழாய்கள் அந்நீரின் பெரும்பகுதியையும் உடலுக்கு வேண்டிய உப்புக்களையும் மீண்டும் இரத்தத்திற் சேர்த்துவிடுகின்றன. கழிவுப் பொருள்களோடு ஒன்று முதல் இரண்டு லீற்றர் நீரே சிறுநீராக வெளியேறுகின்றது. இதனையே கிராம வழக்கிற் சலம் என்பர்.

குளத்து மடையும் வாய்க்காலும் சேர்ந்தே வயலுக்கு நீர் தருகின்றன. மடை பழுதானாலும் வாய்க்கால் தூர்ந்தாலும் வயல் காயும். எனினும் மடையைப் பார்த்து வாய்க்காலின் பழுதை அறிதல் இயலாது. சிறுநீரகமும் அவ்வாறே. நீரிழிவினால் முதலிற் பழுதுறுவது சல்லடை. அப்பொழுது அல்புமின் என்னும் புரதம் இரத்தத்திலிருந்து கசிந்து சிறுநீரிற் கலக்கின்றது. அது மிகுமாயின் சிறுநீரில் நெடுநேரம் அடங்காத நுரை தோன்றும். உலர் வலயத்து நோயிலோ முதலிற் பழுதுறுவன குழாய்களும் அவற்றைச் சூழ்ந்த இழையங்களுமாகும். சல்லடை ஓரளவு நன்னிலையிலிருப்பதால், தொடக்க காலத்திற் புரதம் மிகச் சிறிதளவே கசியும். சிலரில் கசிவு தோன்றவே தோன்றாது.

கமக்காரர் மனத்திற் கொள்ளவேண்டிய முதன்மையான செய்தி இதுவே. சிறுநீரிற் புரதம் காணப்படின் சிறுநீரகத்தை உடனே ஆராய்தல் வேண்டும். புரதம் காணப்படாவிடின், சிறுநீரகம் முற்றும் நலமாயுள்ளதென்று அவ்வொரு சோதனையைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. இரத்தத்தையும் சோதித்தல் வேண்டும்.

சிறுநீரைப் பார்த்து நோயறிதல்

சிறுநீரைக் கொண்டு நோயறியும் வழக்கம் புதியதன்று. நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றை நோக்கும் நீர்க்குறியும், சிறுநீரின் மேல் விட்ட நல்லெண்ணெய்த் துளி பரவும் விதத்தை நோக்கும் நெய்க்குறியும் சித்த வைத்தியத்தில் உள்ளன. தேரையர் என்னும் சித்தர் இவற்றை விரித்துரைத்துள்ளார். மேனாட்டில், 1827ஆம் ஆண்டில், இலண்டன் நகர வைத்தியரான றிச்சாட் பிறைற் என்பவர் சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுதிரிச் சுடரிற் காய்ச்சிப் பார்த்தார். முட்டையின் வெண்கரு வெப்பத்தில் உறைவதுபோல, சிறுநீரிலுள்ள அல்புமினும் உறைந்து வெண்மையாயிற்று. உடல் வீங்கிய நோயாளர் பலரின் சிறுநீர் இவ்வாறு உறைவதையும், அவர்கள் இறந்தபின் அவர்தம் சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்ததையும் கண்டு, இரண்டுக்குமுள்ள தொடர்பை அவர் நிறுவினார்.

சோதனைத் தாள்

இக்காலத்தில் அச்சோதனையை ஒரு சிறிய தாள் செய்கின்றது. தாளின் நுனியிலுள்ள மஞ்சட் பகுதி, சிறுநீரிலுள்ள அல்புமினின் அளவுக்கேற்பப் பச்சையாகவும் நீலப்பச்சையாகவும் மாறும். நெல்லிலையை நிற அட்டையோடு ஒப்பிட்டு யூரியா வேண்டுமோ எனத் தீர்மானிப்பது போன்றே, தாளின் நிறமும் போத்தலின் மேலுள்ள நிறங்களோடு ஒப்பிடப்படும். செலவு குறைந்தது, சில நிமிடங்களில் முடிவது.

எனினும் இத்தாளுக்குச் சில குறைகள் உள. நீர் மிகுதியாக அருந்தியவரின் சிறுநீர் ஐதாயிருப்பதால், உள்ள புரதமும் தாளிற் புலப்படாது போகலாம். நாள் முழுதும் வெயிலில் நின்றவரின் சிறுநீர் செறிவாயிருப்பதால், சிறிதளவு புரதமும் பெரிதாகத் தோன்றலாம். காய்ச்சல், கடும் உழைப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்று ஆகியவற்றாலும் புரதம் சில நாள்களுக்குத் தோன்றி மறைவதுண்டு. ஆதலால் தாளின் ஒரேயொரு முடிவைக் கண்டு அஞ்சுதலும் தகாது, அமைதியடைதலும் தகாது.

இக்குறையை நீக்குதற்கு ஆய்வுகூடத்தில் அல்புமினுக்கும் கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம் அளக்கப்படும். சிறுநீர் ஐதானால் இரண்டும் சேர்ந்தே ஐதாகும். செறிந்தால் இரண்டும் சேர்ந்தே செறியும். ஆகவே விகிதம் பிழையாது. ஒரு கிராம் கிரியற்றினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமிற் குறைவாயிருத்தல் இயல்பு. 30 முதல் 300 வரை உள்ளது கவனிக்கவேண்டிய கசிவு. 300க்கு மேற்பட்டது கடுமையான கசிவு.

இரத்தப் பரிசோதனை

தசைகள் தொழிற்படுவதால் உண்டாகும் கிரியற்றினினைச் சிறுநீரகம் இரத்தத்திலிருந்து இடைவிடாது வெளியேற்றுகின்றது. சிறுநீரகம் தளர்ந்தால் அப்பொருள் இரத்தத்திற் தேங்கும். சிறுநீரிற் புரதம் இல்லாதவரிலும் இத்தேக்கம் நோயைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும் இதன் அளவை மட்டும் பார்த்தல் போதாது. சிறுநீரகத் தொழில் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்வரை, கிரியற்றினின் வழக்கமான எல்லைக்குள் நின்றுவிடுதல் கூடும். தசை குறைந்த முதியோரில் இது மேலும் ஏமாற்றும்.

ஆதலால் வயதையும் பாலையும் சேர்த்துக் கணித்து, சல்லடைகள் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் வடிக்கின்றன என்று மதிப்பிடுவர். ஓர் உதாரணம் காண்க. மூவரின் இரத்தத்திலும் கிரியற்றினின் 1.3 மில்லிகிராமாக இருப்பதாகக் கொள்க. இக்காலத்தில் வழங்கும் கணிப்பின்படி, 25 வயது ஆணின் வடிதிறன் ஏறத்தாழ 78. 60 வயது ஆணின் வடிதிறன் 63. 60 வயதுப் பெண்ணின் வடிதிறன் 47 மட்டுமே. ஒரே எண் ஒருவருக்கு நலத்தையும் மற்றொருவருக்கு நோயையும் குறிக்கின்றது. எனவே, முடிவுத்தாளைப் பெறுவோர் “கிரியற்றினின் எவ்வளவு” என்பதோடு நில்லாது, “வடிதிறன் எவ்வளவு” என்றும் வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

வடிதிறன் 90க்கு மேலிருத்தல் நன்று. 60க்குக் குறைந்த நிலை மூன்று மாதம் நீடிக்குமாயின் அது நாட்பட்ட சிறுநீரக நோயெனக் கொள்ளப்படும். வடிதிறன் குறையாவிடினும், அல்புமின் கசிவு மூன்று மாதம் நீடிப்பின் அதுவும் நோயே. 15க்குக் குறையின் சிறுநீரகம் செயலிழந்தது எனப்படும். ஒருமுறை கண்ட குறைவு, நீரருந்தாமையாலோ காய்ச்சலாலோ வந்ததாகவும் இருக்கலாம். மூன்று மாதத்தின் பின் மீண்டும் சோதிப்பது இதனாலேயே. முதற் சோதனைக்குப் பின் மறுமுறை செல்லாது விடுவோர், சோதனையின் பயனைப் பாதிவழியில் இழந்தவராவர்.

மாதிரி கொடுக்கும் முறை

1. பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோக வேலை தொடங்குமுன் உள்ள ஓய்வு நாள்கள் சோதனைக்கு ஏற்றவை. அறுவடை, சூடடிப்பு முதலிய கடும் வேலை செய்த நாளிலும் மறுநாளிலும் சோதித்தல் நன்றன்று.

2. காலையில் எழுந்தவுடன் கழியும் முதற் சிறுநீரே சிறந்தது.

3. தொடக்கத்தில் வரும் சிறிதளவைக் கழியவிட்டு, இடையில் வருவதையே வைத்தியசாலையிற் கொடுத்த துப்புரவான பாத்திரத்திற் பிடித்தல் வேண்டும். மருந்துப் போத்தலோ பானப் போத்தலோ உதவாது. பீடைநாசினிப் போத்தலை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது.

4. மாதிரியை வெயிலில் வையாது விரைவிற் சேர்ப்பித்தல் வேண்டும்.

5. பெண்கள் மாதவிடாய் நாள்களைத் தவிர்த்தல் வேண்டும்.

6. உட்கொள்ளும் குளிசைகள், நாட்டு மருந்துகள் யாவற்றையும் வைத்தியருக்கு மறையாது கூறுதல் வேண்டும்.

எவர் சோதிப்பித்தல் வேண்டும்

நீரிழிவு, உயர் இரத்த அமுக்கம் உடையோர் ஆண்டுக்கொருமுறை கட்டாயம் சோதிப்பித்தல் வேண்டும். நோய் மிக்க பகுதிகளில் வாழ்ந்து வயலிலும் சேனையிலும் தோட்டத்திலும் உழைப்போர், எவ்வித உபாதையும் இல்லாவிடினும், அவ்வாறே செய்தல் நன்று. குடும்பத்தில் ஒருவர்க்கு இந்நோய் இருப்பின் ஏனையோரும், எலிக்காய்ச்சல் கண்டு குணமடைந்தோரும் சோதிப்பித்தல் வேண்டும். இரவிற் பன்முறை சிறுநீர் கழிக்க எழுவோர் அதனை முதுமையின் குறியென்று தள்ளிவிடலாகாது. குழாய்கள் நீரை மீட்கும் வலிமை இழந்ததன் குறியாகவும் அது இருக்கலாம்.

முதுகு நோவு இல்லை, ஆகவே சிறுநீரக நோயும் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். நாற்று நட்டவருக்கும் மூடை சுமந்தவருக்கும் வரும் முதுகு நோவு பெரும்பாலும் தசை நோவே. இந்நோய்க்கோ நோவு என்னும் குறி இல்லை. முதுகு நோவுக்கென்று டைக்குளோபினாக், இபுபுரோபன் ஆகிய குளிசைகளை வைத்தியரின் அநுமதியின்றி நாள்தோறும் விழுங்குதல், நலமாயிருந்த சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது. வெயிலில் உழைத்து நீர் வற்றிய உடலில் இக்குளிசைகளின் தீமை இன்னும் மிகும்.

நோய் காணப்படின்

முடிவைக் கேட்க அஞ்சியே பலர் சோதனைக்குச் செல்வதில்லை. நோய் உண்டென்று தெரிந்தால் அயலவர் விலகுவர், மக்களின் திருமணம் தடைப்படும் என்ற கவலை நோயுள்ள கிராமங்களில் உண்டு. இது தொற்றுநோயன்று. நோயாளரோடு உண்பதாலோ அவர் கிணற்றில் நீர் அள்ளுவதாலோ மற்றவரைப் பற்றாது. மறைத்தலால் நோய் நீங்குவதுமில்லை. முதிர்வதற்குக் காலம் பெறுகின்றது.

தொடக்கத்திற் காணப்பட்ட நோயை முற்றாக மாற்றுதல் அரிதெனினும், அதன் வேகத்தைக் குறைத்தல் இயலும். இரத்த அமுக்கத்தைக் கட்டுப்படுத்தல், அல்புமின் கசிவைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்ளல், உப்பைக் குறைத்தல், புகையிலையை விடுதல், நோவுக் குளிசைகளை நிறுத்தல் ஆகியவற்றால் நோயாளர் பல்லாண்டுகள் தம் தொழிலைச் செய்து வாழ்தல் கூடும். நோய் முற்றியபின்போ, வாரத்தில் இருமுறை அல்லது மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல் வேண்டும். இன்றேல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதல் வேண்டும். நீர் முறை வரும் நாளில் வைத்தியசாலையிற் கிடக்கும் கமக்காரரின் வயலை எவர் பார்ப்பர்? துணைக்குச் செல்பவரின் கூலியும் போக்குவரத்துச் செலவும் சேர, காணியை ஈடுவைக்கும் நிலை குடும்பத்துக்கு உண்டாகின்றது. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமேயாயினும், இழந்த போகத்தை எவரும் ஈடுசெய்வதில்லை. பொலநறுவையிற் சிறுநீரக நோய்க்கெனத் தனியான தேசிய வைத்தியசாலை 2021ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. அத்தகைய வசதிகள் பெருகினும், காலத்தோடு செய்யும் சோதனைக்கு அவை ஈடாகமாட்டா.

நோயுற்றோர் பச்சிலை மருந்துகளை நாடுமிடத்து விழிப்பாயிருத்தல் வேண்டும். ஈச்சுரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகிய கொடிகளிலுள்ள ஒருவகை அமிலம் சிறுநீரகக் குழாய்களை அழிப்பது உறுதிப்பட்டுள்ளது. நீரிழிவுக்கென்று சிலர் அருந்தும் தமரத்தங்காய்ச் சாறும், பிலிம்பிக்காய்ச் சாறும் சிறுநீரகம் தளர்ந்தோருக்கு நஞ்சாகும்.

வயலிற் கவனிக்க வேண்டியவை

வெயிலில் வேலை செய்யும்போது, தாகம் எடுக்கும்வரை காத்திராது, 15 முதல் 20 நிமிடத்துக்கொருமுறை ஒரு கோப்பை நீர் அருந்துதல் நன்று. சிறுநீர் கடுந் தேநீரின் நிறமாயிருப்பின் நீர் போதவில்லை என்று அறிக. நீர் அருந்திய பின்னும் அந்நிறம் மாறாதிருப்பின் வைத்தியரைக் காணுதல் வேண்டும். உச்சிப்பொழுதில் நிழலில் இளைப்பாறுதல் வேண்டும். நோய் முதிர்ந்து, வைத்தியர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருப்பின் அவர் சொல்லையே பின்பற்றல் வேண்டும்.

குடிநீரை வீட்டிலிருந்து துப்புரவான போத்தலிற் கொண்டுசெல்க. வாய்க்கால் நீரைப் பருகுதலாகாது. மிளகாய், கத்தரி, வெங்காயம் முதலிய பயிர்களுக்கு அடிக்கடி மருந்து தெளிப்போர் கையுறையும் முகமூடியும் நீண்ட உடையும் அணிந்து, காற்றின் திசைக்கேற்ப நின்று தெளித்தல் வேண்டும். தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவுதல் கூடாது. எலிக்காய்ச்சல் பரவும் காலத்தில், வயலில் இறங்குமுன் தடுப்பு மருந்தைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்தறிதல் வேண்டும்.

முடிவுத்தாள்களைப் பேணுதல்

ஒருமுறை செய்த சோதனையிலும், ஆண்டுதோறும் செய்த சோதனைகளின் தொடர் கூடுதலான செய்தியைத் தருகின்றது. வடிதிறன் 85 ஆக இருந்து, அடுத்த ஆண்டு 77 ஆகவும், அதற்கடுத்த ஆண்டு 69 ஆகவும் குறைந்திருப்பின், எண் இன்னும் 60க்கு மேலிருந்தாலும், அது விரைவான வீழ்ச்சியாகும். ஆண்டுக்கு 5க்கு மேற்பட்டுக் குறைந்துசெல்வதை வைத்தியர் கவனத்துக்குரியதாகக் கொள்வர். பழைய தாள் கையில் இல்லாவிடின் இவ்வீழ்ச்சி எவர்க்கும் தெரியாது. ஆகவே சிறுநீர் முடிவையும் இரத்த முடிவையும் திகதியுடன், காணிப் பத்திரங்கள் வைக்கும் உறையிலேயே சேர்த்துவைத்து, சோதனைக்குச் செல்லுந்தோறும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். குடும்பத்தினர் ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு உறை இருத்தல் நன்று. அடுத்த சோதனைக்குரிய மாதத்தை உறையின்மேல் எழுதிவைப்பின், போக வேலைகளின் நெருக்கடியில் அது மறந்துபோகாது.